இடுக்கட் காலத்திற் செய்ந்நன்றியறிதல்

திருக்குறளிலே 11 ஆம் அதிகாரமாக அமைந்தது செய்ந்நன்றியறிதல். 101 ஆங் குறள் முதல் 110 ஆங் குறள் ஈறாகவுள்ள பத்தினையும் நம் மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர். உரையைத் தழுவிப் பொருளும் எழுதுகின்றனர். பரீட்சையிலே நல்ல புள்ளியும் பெறுகின்றனர். அவர்களுள் ஒருவனை அழைத்து, “தம்பி, நீ இருந்து படிக்கும் இந்த வகுப்பறையை நாடோறும் கூட்டித் துப்புரவு செய்பவர் யார்? அவர் பெயர் யாது?” என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலும் விடை வாராது. பத்துக் குறளும் அவன் நாவில் நிற்கின்றன. பல்லாண்டு அவனுக்குத் தொண்டு செய்தவர் பெயரோ அவன் அறிவில் இல்லை. பாடம் வந்தது, பாடத்தின் பயன் வந்திலது.

இக்குறை மாணாக்கருடையதன்று, கற்பிக்கும் முறையின்பாற்பட்டது. ஆதலின், இவ்வறத்தை நாளாந்த வாழ்வில் எங்ஙனம் பயிலுவது, பிறரைப் பயிற்றுவது என்பதை ஆசிரிய அன்பர்களோடு சேர்ந்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். செல்வமும் சுகமும் உள்ளபோது நன்றி பாராட்டுதல் எளிது. வறுமையும் இடப்பெயர்வும் நோயும் வந்துற்றபோது அது எங்ஙனம் இயலும் என்பதே கடினமான வினா. அதற்கு விடை காணாதவரை நாம் கற்பிப்பது நல்ல காலத்துக்கு மட்டும் உதவும் அறமாய் முடியும்.

சொல்லின் பொருள்

நன்றி என்னுஞ் சொல்லுக்குப் பழைய நூல்களில் நன்மை என்பதே பொருள். ஒருவர் செய்த உபகாரம் செய்ந்நன்றி. அதனை மறவாது உணர்ந்திருத்தல் செய்ந்நன்றியறிதல். உபகாரம் பெற்றவுடன் வாயால் ‘நன்றி’ என்று சொல்லும் வழக்கம் மேனாட்டார் பழக்கத்தோடு நம்மிடை பரவியது. அதனை இகழவேண்டியதில்லை; நல்ல பழக்கமே. ஆயினும், சொல் முடிந்த இடத்திற் கடனும் முடிந்தது என்று எண்ணுவோமாயின் அப்பழக்கத்தினாற் பயனில்லை.

இதற்கு முந்திய 10 ஆம் அதிகாரத்தின் பெயர் இனியவை கூறல். அங்கே ‘கூறல்’ என்றவர் இங்கே ‘அறிதல்’ என்றார். கூறுதல் வாயின் தொழில்; அறிதல் அறிவின் தொழில். ஆங்கிலத்திலும், நன்றி கூறுதலைக் குறிக்கும் ‘தாங்க்’ என்னுஞ் சொல்லும், நினைத்தலைக் குறிக்கும் ‘திங்க்’ என்னுஞ் சொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை என்பர் மொழிநூலார். நினைப்பின்றி நன்றியில்லை என்பது இரு மொழியாருக்கும் ஒப்ப முடிந்த உண்மையாம்.

அறியவேண்டுவன மூன்று. செய்தவர் யார் என்பது ஒன்று. செய்தது யாது என்பது மற்றொன்று. அதனைச் செய்தற்கு அவர் தம்மிடத்திருந்து இழந்தது யாது என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் மூன்றாவதையே நாம் பெரும்பாலும் மறக்கின்றோம். உள்ளவன் கொடுத்த ஒரு பானை நெல்லும், இல்லாதவன் தன் உலையிற் குறைத்துக் கொடுத்த ஒரு சுண்டு அரிசியும் அளவுகோலில் வேறு; அறிவின் முன் நிறுத்தும்போது முறை மாறிவிடும். வள்ளுவர் இவ்வதிகாரத்திலே தினையையும் பனையையும் உவமையாக வைத்தமை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். தினை, கையிலெடுத்தால் விரலிடுக்கில் வீழ்ந்துவிடும். பனை, ஊரெல்லையில் நின்று பார்த்தாலும் தெரியும். உதவியைத் தினையாகக் காண்பதும் பனையாகக் காண்பதும் பெற்றவனுடைய அறிவைப் பொறுத்தது.

நம் முன்னோர் இவ்வறிவை ஆண்டுவட்டத்திலே பொருத்தி வைத்தனர். தைப்பொங்கலிற் சூரியனையும், மறுநாட் பட்டிப்பொங்கலில் உழைக்கும் எருதையும் பால் தரும் பசுவையும் நினைக்கின்றோம். தைப்பூசத்திற் புதிரெடுக்கின்றோம். ஆடி அமாவாசையில் இறந்த தந்தையையும், சித்திராபௌர்ணமியில் இறந்த தாயையும் நினைந்து விரதங் காக்கின்றோம். ஆயுதபூசையிற் கைத்தொழிற் கருவிகளுக்குப் பூவும் சந்தனமும் சாத்துகின்றோம். இவையனைத்தும் ஆண்டுக்கொருமுறை மணியடித்து நினைவூட்டுவன. மணியோசை கேட்டவன் மற்றை நாள்களிலும் விழித்திருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் கருத்து.

இடுக்கணிலும் இயலுமோ?

“துன்பத்தில் ஆழ்ந்தவனை நோக்கி நன்றி பாராட்டு என்றல், புண்ணிற் கோலிட்டுக் குத்துவதன்றோ?” எனிற் கூறுதும்.

துன்பத்துக்கு நன்றி பாராட்டுதல் வேறு. துன்பத்தில் உதவிய கைக்கு நன்றி பாராட்டுதல் வேறு. முன்னையதை ஒருவரும் நம்மிடத்து வேண்டினாரில்லை. பின்னையதே அறம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே, நன்றியறிதல் அடங்கியொடுங்கி வாழ்வோரின் குணம் எனச் சிலர் பழிக்கின்றனர். செய்ந்நன்றியறிதல் மகிழ்ச்சியன்று, அறிவு என மேலே கண்டோம். அழுதுகொண்டிருப்பவனும் அறியவல்லன். பசித்திருப்பவனும் அறியவல்லன். ஆதலின் இவ்வறத்துக்கு இன்பக்காலம் ஒரு நிபந்தனையன்று. இடுக்கட் காலத்து உதவியின் உருவம் இன்னுந் தெளிவாகத் தெரியும். பகலிலே ஏற்றிய விளக்கை யார் கவனிப்பர்?

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணங் காட்டுவாம். 1990 ஆம் ஆண்டுக்குப் பின் வடபகுதியிலே பொருளாதாரத் தடை நிலவியபோது மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிதாயிற்று, சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. பிள்ளைகள் யாம் போத்தலிலே சிறு திரியிட்டு, சில துளி எண்ணெயில் எரிந்த வெளிச்சத்தில் இருந்து படித்துப் பரீட்சைக்குச் சென்றனர். தாய்மார் பனம்பழத்தைக் கொண்டு உடுப்புத் தோய்த்தனர். அத்தடைக்கு நன்றி கூறுவார் ஒருவரும் இலர், கூறவும் வேண்டா. ஆயினும், அந்தச் சில துளி எண்ணெயைத் தன் அடுக்களையிற் குறைத்துப் பிள்ளையின் விளக்குக்கு வார்த்த தாயை மறந்தவன் மனிதனாகான். அப்பனையை நட்டவன் எவனென்பதும் சிந்தித்தற்குரியது. வடலி வளர்ந்து பயன் தருதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். நட்டவன் தன் பேரப்பிள்ளைகளின் காலத்தை எண்ணி நட்டான். அவன் காணாத ஒரு தடைக்காலத்திலே, அவன் அறியாத ஒரு பிள்ளையின் சட்டை அவன் மரத்துப் பழத்தால் வெளுத்தது. குண்டுமழைக்கு அஞ்சிப் பதுங்குகுழி அமைத்தபோது அக்குழியின் மேலே குறுக்காகக் கிடந்து உயிர் காத்ததும் அம்மரமே.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தனர். அக்கூட்டத்திலே இளம் ஆசிரியனாக யானும் நடந்தேன். தென்மராட்சியார் பாடசாலைகளையும் கோயில் மடங்களையும் தங்கள் வீட்டுத் திண்ணைகளையும் திறந்துவிட்டனர். யாங்கள் தங்கிய வளவிலே ஒரே கிணறு. வீட்டுக்காரர் துலாக்கயிற்றோடு இன்னும் இரண்டு வாளிகளைக் கட்டிவிட்டு, “இரவும் பகலும் அள்ளுங்கோ, கேட்கவேண்டாம்” என்று சொல்லிச் சென்றார். இத்துணையே அவர் பேசியது. சில நாளில் அக்கிணற்று நீர் கலங்கிற்று. அவர் தம் வாழைகளுக்கு இறைப்பதை நிறுத்திவிட்டார். அவர் செய்தது தண்ணீர் கொடுத்தது. அவர் இழந்தது அவ்வாண்டு வாழைக்குலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை; மழைநீர் சுண்ணக்கல்லின் கீழிறங்கித் தங்குவதே நம் கிணற்று நீர். அதனை அறிந்தவர்க்கு அவ்விரண்டு வாளியின் அளவு விளங்கும்.

பின்னரும் 2022 ஆம் ஆண்டிலே பொருளாதார நெருக்கடி நாடு முழுவதையும் பற்றியது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நீண்ட வரிசைகள் நின்றன. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு மக்கள் அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்து இத்தீவின் எல்லா இனத்தாருக்கும் பகிரப்பட்டன. அந்நெருக்கடியை உண்டாக்கினோர் செயலை ஆராய்ந்து குற்றங் காணுதல் குடிமக்கள் கடமை. வந்த அரிசியை உண்டு அனுப்பினோரை நினைத்தலும் அவர் கடமையே. ஒன்று மற்றொன்றை விலக்காது.

இடுக்கட் காலத்து நன்றியறிதல் எவ்வாறு செயலாகும் என்பதற்குப் பெரியபுராணத்திலே திருவீழிமிழலை நிகழ்ச்சி சான்றாகும். பஞ்சம் வந்துற்ற காலத்தில் இறைவர், திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். இருவரும் அக்காசைத் தமக்கென வையாது, மடங்களில் அடியாருக்கு அமுதளித்தனர். நாவுக்கரசருடைய காசு வட்டமின்றி மாறிற்று. அவர் உழவாரப்படை கொண்டு கையால் தொண்டு செய்தவராதலின் அங்ஙனம் ஆயிற்று என்பர். பஞ்சத்திலே பெற்றவர் பெற்றதைப் பஞ்சத்திலே பகிர்ந்தனர். பெற்ற நன்மையை அடுத்தவன் இலையில் இடுதலே அதனை அறிந்தமைக்கு அடையாளம். தாது வருஷப் பஞ்சம் எனப்பட்ட 1876, 1877 ஆம் ஆண்டுப் பஞ்சகாலத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி நடாத்துவித்ததும் அம்மரபிலேயாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. காலை உணவின்றி வந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி வீழும் பிள்ளையை நோக்கி, “உனக்குக் கண்ணும் காலும் உண்டே, அதற்கு நன்றி பாராட்டு” என்று உபதேசித்தல் கூடாது. முன்னர் அப்பிள்ளைக்கு உணவளியுங்கள். பின்னர் அவ்வுணவைச் சமைத்தவர் யாரென அப்பிள்ளை தானே வினவும். அவ்வாறே, “இது உன் வினைப்பயன்” என்று துன்புறுவோரிடத்துக் கூறுதலும் சைவமன்று. வினைக் கொள்கை என்பது ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளுதற்கு உதவுவது; பிறன் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்கு அன்று. நம் சித்தாந்த நூல்கள், இறைவன் உயிர்களுக்குத் தனு, கரண, புவன, போகங்களைக் கைம்மாறு கருதாது கொடுத்தான் என்கின்றன. அவன் கொடையை அறிந்தவன் அடுத்தவன் பசியையும் அறிவான்.

மாறுபட்டோர் செய்த நன்றி

இனி, சைவ ஆசிரியராகிய நமக்கு நேரே உரிய ஒரு வினா உளது. நம்மோடு கொள்கையில் மாறுபட்டவர் நமக்குச் செய்த நன்மையை யாது செய்வது?

நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் ஆங்கிலப் பாடசாலையிற் கற்றார். அங்கேயே ஆசிரியராயும் இருந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உதவினார். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே தமது முதற் சைவப்பிரசங்கத்தைச் செய்தார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சமயவாதத்திலே அவர் கிறிஸ்தவ மதத்தாரை எள்ளளவும் விட்டுக்கொடுத்தாரல்லர். ஆயினும் வகுப்புப் பிரித்துக் கற்பித்தல், பாலபாடம் எழுதுதல், அச்சுக்கூடம் நிறுவுதல், எளிய வசனநடையிற் பிரசங்கித்தல் என்பவற்றின் பயனை அங்கே கண்டு, அவற்றைச் சைவ மக்களுக்கு உதவச் செய்தார். கற்றதை வீசியெறியாமல் தம்மவர்க்குப் பயன்படுத்தியது, கல்விக்குச் செய்யத்தக்க கைம்மாறுகளுட் சிறந்தது.

1823 இல் அமெரிக்க மிஷனார் தொடங்கி 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவருள் அவரும் ஒருவர். அங்கே பெற்ற ஆராய்ச்சிப் பயிற்சியைக் கொண்டே பனையோலை ஏடுகளிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை ஒப்புநோக்கி அச்சேற்றினார்; 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். சைவ நெறியில் நின்றே அவர் இவற்றைச் செய்தார்.

வைத்தியர் சாமுவேல் கிறீன் என்பார் 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயிலே வைத்தியசாலை நடாத்தினார், தமிழ் கற்றார், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றினார். 1873 இல் நாடு திரும்பி 1884 இல் இறந்தார். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புதல் என்பதை யாவரும் அறிவர். அந்நோக்கத்தை மறுத்தல் நம் உரிமை. பேதி கண்ட பிள்ளைக்கு அவர் கொடுத்த மருந்தும், தமிழில் அவர் விட்டுச்சென்ற வைத்திய நூலும் நன்மை என்பதை மறுத்தல் நம் உரிமையன்று. யானும் பாதிரிமார் தாபித்த பாடசாலையிற் கற்றவன். அங்கே எனக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்த முதிய ஆசிரியரை நினையாது ஒரு நாளும் வகுப்பிற் சுண்ணக்கட்டியை எடுப்பதில்லை. அதனால் என் நெற்றித் திருநீறு அழிந்ததில்லை. கொள்கையை மறுத்தல் வேறு. உதவியை மறத்தல் வேறு.

உபகாரி இறந்த பின்னரும் கடன் தீராது என்பதற்குத் தமிழ்நாட்டு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் சான்று. 1880 இல் தமக்குக் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரை நினைந்து, பின்னாளிற் சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை 1876 இல் இறந்தார். அவர் சரித்திரத்தை ஐயரவர்கள் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்டார். இடையிற் கழிந்தவை ஐம்பத்தேழு ஆண்டுகள். மறவாமை என்பது இதுவே.

நன்றியும் நடுவுநிலைமையும்

நன்றியறிதல் நீதியை வளைத்துவிடாதோ எனின், அவ்வையம் பழையதே. திருக்குறளில் 12 ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. நன்மை செய்தாரை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே அவ்வதிகாரம் இதன் பின் வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் காரணங் காட்டுகின்றார். ஆசிரியர்க்கு இது மிகவும் வேண்டிய போதனை. வீட்டுக்கு மாம்பழம் கொண்டுவந்து தந்த தந்தையின் பிள்ளைக்கு விடைத்தாளில் இரண்டு புள்ளி கூட்டியிடுதல் நன்றியன்று. ஏனைய பிள்ளைகளின் பொருளை எடுத்துத் தன் கடனை அடைத்தலாம்.

நடுவுநிலைமையின் மற்றொரு முகமும் உண்டு. யாருடைய உழைப்பை நாடோறும் கொண்டு வாழ்கின்றோமோ, அவர்க்கு உரியதை மறுத்தல் நன்றிகோறலே. பனையேறிப் பதநீர் இறக்கியவர், உடுப்பு வெளுத்தவர், மயிர் களைந்தவர், சாவீட்டிற் பறையறைந்தவர், வயலிற் கூலிக்கு நின்றவர் ஆகியோர் உழைப்பின்மேல் நம் ஊர்கள் நின்றன. அவர்களுக்கே கோயில் வாயிலும் பொதுக்கிணறும் பாடசாலை வாங்கும் மறுக்கப்பட்டன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. மற்றெல்லா அறத்தையும் அழித்தவர்க்குக் கழுவாய் இருந்தாலும் நன்றியை அழித்தவர்க்கு இல்லை என்ற கருத்தோடு வள்ளுவர் அதிகாரத்தை முடிக்கின்றார். அவ்விடத்தைக் கற்பிக்கும் சைவ ஆசிரியர், தம் ஊர் வரலாற்றையும் உடன் நினைத்தல் நலம்.

வகுப்பிற் கற்பிக்கும் முறை

இவ்வறத்தை உபதேசத்தாற் கற்பித்தல் அரிது. வினாவினாலும் பயிற்சியினாலும் கற்பித்தல் எளிது. அதற்கு நான்கு படிகள் கூறுவாம்.

முதலாவது, ஒரு பொருளின் வழியைத் தேடுதல். அப்பொருள் மாணாக்கர் அன்று காலை கையாண்டதாயிருத்தல் வேண்டும். தேநீரை எடுத்துக்கொள்வோம். “இன்று காலை தேத்தண்ணீர் குடித்தவர் யார்?” எனின் கைகள் பல உயரும். “தேயிலை எங்கிருந்து வந்தது? கொழுந்து கிள்ளியவர் யார்?” என்று வினவுக. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலைச் செய்கை வணிகமாகத் தொடங்கியதையும், தோட்டங்களில் உழைத்தற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் கொணரப்பட்டதையும், இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளி மலைச்சரிவில் ஏறியிறங்கும் பெண்களின் நாளையும் எடுத்துரைக்க. அவ்வுழைப்பாளருட் பெரும்பான்மையோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. இவற்றைக் கேட்ட பிள்ளை மறுநாள் கோப்பையைக் கையிலெடுக்கும்போது சிறிது நிற்பான். அந்நிற்றலே நாம் வேண்டுவது. அடுத்த கிழமை சோற்றையும், அதற்கடுத்த கிழமை கொப்பியையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெயரறிதல். மாணாக்கர் ஒவ்வொருவரும், தமக்கு நாடோறும் உதவுகின்ற, ஆனால் தாம் பெயரறியாத ஒருவரின் பெயரைக் கேட்டறிந்து வருதல். பேருந்துச் சாரதி, நடத்துநர், சத்துணவு சமைக்கும் தாய்மார், காவலாளி, குப்பை அள்ளுவோர் எனப் பலர் உளர். பெயரோடு ‘அம்மா’, ‘ஐயா’, ‘அண்ணை’, ‘அக்கா’ என முறைசொல்லி அழைக்கப் பழக்குக. முறைசொல்லி அழைக்கப்பட்டவரை ஏவல்செய்வாராக நினைத்தல் கடினம்.

மூன்றாவது, மூவினா எழுதுதல். நாளிறுதியில் ஒரு சிறு கொப்பியிலே அன்று பெற்ற ஓருதவியைக் குறித்து, செய்தவர் யார், செய்தது யாது, அவர் இழந்தது யாது என மூன்று வரி எழுதுவித்தல். “எல்லாருக்கும் நன்றி” என்பதுபோல் எழுதுவதை ஏற்கலாகாது. பொதுப்பட எழுதியது நினைவில் நில்லாது. “அக்கா தன் குடையை எனக்குத் தந்து தான் நனைந்து போனாள்” என்பதே நல்ல வாக்கியம். சில நாளில் ஒரு பிள்ளை வெறுந்தாள் தருவான். அவனைக் கடியாதீர்கள். “இன்றைக்கு எனக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை” என்பது உண்மையாயிருத்தலும் கூடும். அவ்வெறுந்தாள் ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதம். அதனைப் படித்து, மறுநாள் அவனுக்கு ஒன்று செய்தல் ஆசிரியர் கடன். இக்கொப்பிக்குப் புள்ளியிடுதலும், இதனை மற்றையோர் முன் வாசிப்பித்தலும் ஆகா. புள்ளிக்காக எழுதும் நன்றி பொய்யாய்விடும்.

நான்காவது, கைம்மாறு. மாதத்துக்கு ஒருமுறையேனும் உழைப்பாலே ஒரு கடனைத் தீர்ப்பித்தல். துப்புரவு செய்யும் அம்மாவுக்கு ஒருநாள் ஓய்வளித்து மாணாக்கரே வகுப்பைக் கூட்டுதல். கோயில் வீதியில் உழவாரத் தொண்டு செய்தல். பனங்கொட்டை நடுதல் என்பன தக்கவை. பனங்கொட்டை நடுதலை விசேடமாகப் பரிந்துரைக்கின்றேம். போரிலே எண்ணிறந்த பனைகள் அழிந்தன. நடும் பிள்ளை அதன் பயனை உடனே காணான். முன்னோர்க்குப் பட்ட கடனைப் பின்னோர்க்குத் தீர்த்தல் என்பதை அவன் கை அறியும். உதவியவர் இறந்தோ தூரத்தேசஞ் சென்றோ போயினும் கடன் தீர்க்க வழியுண்டு என்பதும் அதனால் விளங்கும்.

ஆசிரியர் கடமை

மாணாக்கர் நம் சொல்லைக் காட்டிலும் நம் நடையை விரைவிற் கற்பர். சிற்றூழியரை ஒருமையில் விளித்துவிட்டு வகுப்பினுட் புகுந்து இவ்வதிகாரத்தை நடத்துவாராயின், பிள்ளைகள் இரண்டு பாடங் கேட்டவராவர். முதற் பாடமே நிலைபெறும். தம் முன்னிருந்த தலைமையாசிரியர் தேடிவைத்த நூல்நிலையத்தையும் நட்ட வேம்பையும் தம் காலத்துச் சாதனையாகக் காட்டுதலும் அத்தன்மையதே. பாடசாலையின் பழைய பதிவேடுகளை ஒருநாள் இருந்து புரட்டுங்கள். கிடுகுக் கொட்டிலிற் குறைந்த சம்பளத்திற் கற்பித்தவர் பெயர்கள் அங்கே இருக்கும். அவருள் ஒருவர் பெயரையேனும் வகுப்பிற் சொல்லுங்கள்.

ஆசிரியர்க்கும் இடுக்கண் உண்டு. சம்பளம் மாதக் கடைசிவரை வருவதில்லை. தொலைவிடத்து இடமாற்றம் வருகின்றது. கற்பித்த பிள்ளை கடல் கடந்துபோய்க் கடிதமும் எழுதுவதில்லை. இவற்றுக்காக முறையிடவேண்டிய இடத்தில் முறையிடுங்கள், அது குற்றமன்று. ஆனால், இரவிற் படுக்குமுன் அந்த மூன்று வினாவைத் தாமும் ஒருமுறை வினவிக்கொள்ளுங்கள். மழைநாளில் தம் துவிச்சக்கரவண்டியைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்ட ஒருவரை, வகுப்பிலே தாம் களைத்திருந்ததைக் கண்டு சத்தமின்றிப் படித்த ஒரு பிள்ளையை அங்கே காண்பீர்கள். கண்டபின் துன்பம் குறைந்துவிடும் என்று யாம் கூறோம். துன்பத்திலே தனித்திருக்கவில்லை என்பது தெரியவரும். அதுவே மறுநாட் காலை பாடசாலைக்குச் செல்லும் கால்களுக்குப் போதுமான பலமாகும்.

ஆதலால் ஆசிரிய அன்பர்களே, இவ்வதிகாரத்தை இனிக் கற்பிக்கும்போது பத்துக் குறளையும் ஒப்புவித்த மாணாக்கனிடம் பதினோராவதாக ஒரு வினாவையும் கேளுங்கள்: “இந்த வகுப்பைக் கூட்டுபவர் பெயர் என்ன?” அவன் அறிந்து சொல்வானாயின் அன்றே அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம்.